காப்பிப் பழமும் வண்ணச் சக்கரமும்

டிசம்பர் வாக்கில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்தால் வண்ணச் சக்கரத்தின் முதல் பாடம் கண்ணெதிரே நிற்கும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே, கணுவுக்குக் கணு நெருக்கியடித்துச் சிவந்த பழங்கள். ஓவிய வகுப்புச் சக்கரத்தில் சிவப்புக்கு நேர் எதிரே பச்சை. எதிரெதிர் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்பது விதி. இதற்கு ஆதாரம் தேடித் தந்தவர் பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவை நடத்திய செவ்ரோல். கறுப்பு நூல் எடுபடவில்லை என்று புகார் வந்தது. குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடும் நீல, ஊதா நூல்களில் இருக்கிறது என்று கண்டார். 1839இல் அதை விரிவான புத்தகமாக்கினார்.

ஆக, சக்கரம் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொல்கிறது.

அதே காப்பிச் செடியைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பாருங்கள். முற்றிப் பழுத்த பழமும் இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். சிவப்பு, பச்சை பேதம் தெரியாத கண்ணுக்கும் பழத்தைப் பிரித்தறிவது கஷ்டம். நிறம் எதிரெதிர்தான், வெளிர், அடர் என்ற வித்தியாசம் இல்லை. வகுப்பறைச் சுவரில் தொங்கும் சக்கரத்தில் அதற்கு இடமே கிடையாது.

பரப்புக்கும் இடமில்லை. பழம் ஒரு கைப்பிடி, இலை ஒரு காடு. அதனால்தான் அந்தச் சிவப்பு அழகு. சேலையின் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைக்கும் நெசவாளருக்கு இது தெரியும். கரை எத்தனை விரல் அகலம் என்பதில்தான் அவர் கவனமெல்லாம். அதே இரு நிறத்தைப் பாவும் ஊடுமாகக் கலந்து நெய்தால், தள்ளி நின்று பார்க்கையில் பழுப்படிக்கும்.

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து விடியற்காலையில் பார்த்தால் மலைக்குப் பின் மலை, எல்லாமே நீலம்தான். பனிமூட்டத்தில் ஒவ்வொன்றும் முன்னதைவிட வெளிறியிருக்கும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நான் கண்ட மிகப் பொருத்தமான வண்ணச் சேர்க்கை அது. அதை விளக்க, 'பக்கத்து நிறங்கள் ஒத்துப்போகும்' என்ற சக்கரத்தின் இன்னொரு விதி போதவே போதாது.

இன்னொன்று, சக்கரமே ஒன்றல்ல. ஒளியின் சக்கரத்தில் சிவப்புக்கு எதிரே இருப்பது சயான்.

என் தீர்ப்பு: சக்கரம் இருக்கட்டும், இரண்டாம் பாடமாக. முதல் பாடம் பென்சிலில் வெளிரும் அடரும். ஏற்காட்டுக் கோடை விழாவில் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிக்குப் போகிறவர்கள் ஒரு பாத்தியின் முன் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். அப்போதும் பூ தனியாக, இலை தனியாகத் தெரிந்தால் அந்தப் பாத்தி தேறியது.