உப்புத் தண்ணீரும் உடனடி வெந்நீரும்

லண்டனில் குடியேறிய நம்மவர் வீடுகளில் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். காம்பி பாய்லர் என்பார்கள். குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்குவதும் அதுதான், குழாயைத் திறந்ததும் வெந்நீர் தருவதும் அதுதான். காய்ச்சி நிரப்பி வைக்கத் தொட்டி கிடையாது. வேதாரண்யத்தில் வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியின் இன்னொரு பாதி இங்கேயும் வந்துவிட்டது. கேஸ் கீசர்.

தொட்டி இல்லாமல் காய்ச்சுவது நல்ல யோசனைதான். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற, சேதாரம் போக, சுமார் 30 கிராம் கேஸ் போதும். 14.2 கிலோ சிலிண்டரில் நானூறு வாளிக்கு மேல் காயும். இன்னொரு லாபம் இந்த ஊருக்கென்றே அமைந்தது. தொட்டி வைத்த கரண்ட் ஹீட்டர் தண்ணீரை அறுபது, எழுபது டிகிரிவரை சூடாக்கி வைக்கும்; நாம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவிக்கொள்வோம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து காயிலில் படியும். படிந்தால் காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாது. உள்ளேயே தங்கி ஒருநாள் காயிலை வெடிக்கவைக்கும். ‘ஹீட்டர்ல உப்பு புடிச்சிருச்சு’ என்று எலக்ட்ரீஷியன் கழற்றிக் காட்டும் காயில் வெள்ளை வெளேரென்று காரை பூசியதுபோல இருக்கும். குளிக்கும் சூட்டோடு நிறுத்திக்கொள்ளும் கேஸ் கீசரில் இந்தப் படிவு குறைவு.

குறைவு என்பதோடு நிம்மதியடைய முடியாது. அதன் வயிறு விரல் பருமனான ஒரு குழாய். தொட்டியின் அடியில் ஒரு பிடி சுண்ணாம்பு கிடந்தாலும் ஹீட்டர் ஓடும். இந்தக் குழாயில் அதில் கால்வாசி படிந்தாலே தண்ணீர் நூலாக இறங்கும். அகஸ்தியம்பள்ளியில் உப்பளம் செழிக்கும் மண்ணில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொள்ளிடத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் கீசருக்கு ஏற்றதுதான். ஆனால் குடத்தில் பிடித்துக் குடிக்க வைக்கும் தண்ணீரைக் குளியலறைக்குத் திருப்ப எந்த வீட்டில் மனசு வரும்? மாடியில்லாத வீட்டில் கூரைத் தொட்டிக்கும் குழாய்க்கும் ஆறேழு அடிதான் இறக்கம். அந்த அழுத்தத்தில் கீசர் சில நாள் பற்றவே பற்றாது.

இதெல்லாம் தொல்லை. ஆபத்து காற்றில் இருக்கிறது. இப்போது லண்டனில் மாட்டும் காம்பி பாய்லர் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து குழாய் வழியே இழுக்கும், புகையையும் விசிறி வைத்து வெளியே தள்ளும். அறைக் காற்றை அது தொடுவதில்லை. இங்கே பாத்ரூமுக்குள் மாட்டும் மலிவான கீசர் குளிப்பவர் மூச்சு விடும் காற்றையே எடுத்து எரிக்கிறது, புகையையும் அங்கேயே விடுகிறது. ஐந்தடிக்கு நாலடி அறை. வாடைக்காற்றுக்குப் பயந்து ஜன்னல் துவாரத்தில் அட்டை செருகியிருக்கும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் வாயு அது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று வாடை கலந்து நிரப்புகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே இல்லை. கீசர் ஓடிய குளியலறைகளில் ஆட்கள் மயங்கிக் கிடந்து இறந்த செய்திகள் இந்தியாவில் குளிர்காலந்தோறும் வருகின்றன.

முன்பு கொல்லையில் நின்ற செப்பு பாய்லரை நினைத்து நான் உருகப்போவதில்லை. விடியலில் எழுந்து சவுக்குச் சுள்ளியும் தேங்காய் மட்டையும் போட்டு ஊதிக்கொண்டிருந்தவர்கள் பெண்கள்தான். அந்தப் புகையும் அவர்கள் கண்ணுக்குத்தான். ஆனாலும் அது வெளியே நின்றது, மூடியைத் திறந்து உப்பைச் சுரண்ட முடிந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது கேஸ் கீசரை பேட்டரி பற்றவைத்திருக்கும், மோட்டார் ஓடாமல் தொட்டிக்குத் தண்ணீர்தான் ஏறியிருக்காது. அடிபம்பும் விறகும் எதையும் கேட்கவில்லை. சூரிய ஹீட்டருக்கும் வேறொரு சிக்கல்: வெந்நீர் வேண்டிய ஐப்பசி கார்த்திகையில்தான் இங்கே வெயில் இருப்பதில்லை.

கேஸ் கீசரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாத்ரூமுக்கு வெளியே, கொல்லைப்புறச் சுவரில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவந்தால் பெரிய ஆபத்து நீங்கும். கூடுதல் செலவு சில அடிக் குழாய்தான். பிரிட்டனில் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரைத் தவிர வேறொருவர் கூலி வாங்கிக்கொண்டு பாய்லரில் கை வைப்பது சட்டப்படி குற்றம். இங்கே கடைக்காரர் அனுப்பும் பையன் டிரில் மிஷினோடு வந்து, ‘எங்க மாட்டணும் சார்?’ என்று நம்மைத்தான் கேட்கிறான்.