கறுப்புக்குள் இருக்கும் புள்ளிகள்

கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில், கபினி நீர்த்தேக்கத்தை ஒட்டிய பகுதிக்குக் கருஞ்சிறுத்தையைத் தேடியே ஒளிப்படக்காரர்கள் பலர் வருகிறார்கள். அது தனி இனமல்ல. கருநிறமி மிகுந்து பிறந்த சிறுத்தைதான். புள்ளிகளும் மறைந்துவிடவில்லை. சாய்வான வெயில் மேனியில் படும்போது, கறுப்புக்குள்ளிருந்து அவை எழுந்து வரும்.

அந்தப் புள்ளிகளைப் படத்தில் பிடிப்பதுதான் இந்தக் கலையின் அழகு. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். கருஞ்சிறுத்தை சட்டத்தை நிறைத்தால், ஒளிமானி வெளிச்சத்தைக் கூட்டி அதன் கருமையைக் கெடுத்துவிடும். அதனால் தேர்ந்தவர்கள் எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து, கேமரா உணர்ந்ததைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பாக எடுக்கிறார்கள். 14 பிட் ரா கோப்பு ஒளியை 16,384 படிநிலைகளாகப் பதிவு செய்கிறது. வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒரு வண்ணத்துக்கு 256 மட்டுமே. நிழலில் புதைந்த புள்ளிகளை மீட்க இந்தத் தாராளம் வேண்டும்.

மீதி வேலை கணினியில். நிழலைக் கொஞ்சமாக உயர்த்த வேண்டும். ஒரேயடியாக உயர்த்தினால் இரைச்சல் எனப்படும் மணல்போன்ற பொட்டுகள் மேலெழும். இரைச்சலை முழுக்கத் துடைத்தாலோ ரோமம் மெழுகாகிவிடும். கூர்மையைக் கண்ணுக்கும் மீசைக்கும் கொடுத்தால் போதும். கண்ணின் மஞ்சளை மிகைப்படுத்தவே வேண்டாம்.

உங்கள் படத்தைத் திருத்தும்போது ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள்: கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்.