வேன் நின்ற பத்து நிமிடம்: பாடியைப் பற்றி இரண்டு பயணக் குறிப்புகள்

பயண இலக்கியம் பற்றிச் சேர்த்துவரும் குறிப்புகளில் இது ஒன்று. கூட்டமாகப் போகும் பயணத்தைத் தமிழில் யார் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டே போனதில், கடைசியில் நான் குடியிருக்கும் பாடிக்கே வந்து நின்றேன்.

பாடி என்றால் பலருக்கு மேம்பாலமும் லூகாஸ் டி.வி.எஸ். பஸ் ஸ்டாப்பும்தான். கொஞ்சம் உள்ளே போனால் திருவல்லீஸ்வரர் கோயில். தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் வலிதாயம். குரு தலம் என்பதால் வியாழக்கிழமையும் லீவு நாளும் டூரிஸ்ட் வேன்கள் வந்து நிற்கும். ஒரே நாளில் ஏழெட்டுக் கோயில் என்று கணக்குப் போட்டு வருகிற குடும்பங்கள். நெய் விளக்கு, அர்ச்சனை, பிரசாதம், அப்புறம் "எல்லாரும் ஏறியாச்சா?" என்ற குரல்.

இவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் இதே ஊருக்குக் கூட்டத்தோடு வந்துபோன ஒருவரைப் பற்றி இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கிண்டல் கொஞ்சம் அடங்கிவிடும்.

வந்தவர் ஞானசம்பந்தர், 7ஆம் நூற்றாண்டு. அவரே பாடியது முதல் திருமுறையின் மூன்றாம் பதிகம், பண் நட்டபாடை. அவர் வந்ததை எழுதியவர் சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டு. பெரிய புராணத்தில் வரும் சம்பந்தர் தனியாகப் பயணம் செய்பவர் அல்ல. முத்துச் சிவிகை, கூடவே யாழோடு திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியும், பின்னால் அடியார் கூட்டம். காளத்தியிலிருந்து திரும்பும் வழியில் திருவேற்காடு, அங்கிருந்து கிழக்கே வலிதாயம், பிறகு கடலோரத்தில் திருவொற்றியூர், கடைசியில் தெற்கே மயிலாப்பூர். வரைபடத்தில் கோடு போட்டுப் பாருங்கள், வழி கச்சிதமாக இருக்கும். சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். இந்தப் பக்கம் அவருக்கு அத்துப்படி.

அப்படிப்பட்டவர் பாடிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்? வேற்காட்டோடு சேர்த்துச் சில அடிகள்தான். போனார், வணங்கினார், பாடினார், கிளம்பினார். மயிலைக்குப் போனதும் பூம்பாவை கதைக்காக நிதானமாக உட்கார்ந்துவிடுகிறார். வழியில் இருக்கும் ஊர்கள் அந்தப் பெரிய நிகழ்ச்சிக்குப் போகும் படிக்கட்டுகள். பக்கத்து ஊர்க்காரரே இப்படிச் செய்துவிட்டாரே என்பதுதான் என் ஆதங்கம்.

அவர் பக்க நியாயமும் உண்டு. அவர் எழுதியது அடியார் வரலாறு, ஊர் வரலாறு அல்ல. தவிர, சம்பந்தருக்கும் அவருக்கும் நடுவே ஏறத்தாழ 500 ஆண்டுகள். கையில் இருந்தவற்றில் முக்கியமானவை பதிகங்கள். வலிதாயப் பதிகத்தில் எங்கிருந்து வந்தேன், எங்கே போகிறேன் என்ற பேச்சே கிடையாது. பதிகம் இருக்கும் ஊர்கள் புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடு பின்னால் போட்டது. ஆகவே பட்டியல்போல் இருப்பதில் வியப்பில்லை.

மத்தியதரைக் கடல் பக்கமும் இதே கதைதான். பிரான்சின் போர்தோவிலிருந்து கி.பி. 333இல் ஜெருசலேம் போன பெயர் தெரியாத பயணியின் குறிப்பு பெரும்பாலும் குதிரை மாற்றிய இடம், இரவு தங்கிய இடம், இடையே எத்தனை மைல் என்ற கணக்கு. புண்ணிய பூமி நெருங்கும்போதுதான் வாய் திறக்கிறார். அதே நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் போன எகேரியா என்ற பெண் எழுதியது வேறு மாதிரி. ஜெருசலேமில் ஆயர் கிரேக்க மொழியில் பேசுவதையும், அதை ஒருவர் சிரியாக்கில் சொல்வதையும், லத்தீன் மட்டும் தெரிந்தவர்களுக்கு வேறு சிலர் விளக்குவதையும் கவனித்து எழுதுகிறார். அந்தக் கோயிலில் யார் யார் நின்றார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது.

சம்பந்தரின் பதிகம் எகேரியா பக்கம் சேரும் என்பது என் வாசிப்பு. முதல் பாட்டே கூட்டத்தில்தான் தொடங்குகிறது. பக்தர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு வேறு பலரும் இருக்கிறார்கள். கையில் பூவும் நீரும். எல்லோரும் ஒத்த குரலில் சொல்லித் தொழுகிறார்கள். பக்தர்களை மட்டும் சொல்லியிருந்தால் போதும், மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார். பிறகு மடைநீர் பாயும் சோலை, கமுகு, பலா, தேன், வண்டு.

"சோலையும் வண்டும் எல்லாப் பதிகத்திலும் வருமே" என்று கேட்கலாம். உண்மைதான். கமுகை வைத்துப் பாடியை அடையாளம் காண முடியாது. ஆனால் மடை இந்தப் பக்கத்துக்குப் பொருந்தும். அம்பத்தூர், கொரட்டூர், வில்லிவாக்கம் என்று சுற்றிலும் ஏரிகள்தான். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பாட்டில் மரபாக வந்த சொல்கூட, ஊரில் எது காணாமல் போகிறது என்று காட்டிவிடுகிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பத்தாம் பாட்டில் சமணரையும் சாக்கியரையும் ஈரமில்லாதவர்கள் என்கிறார். அவர்கள் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறார். சம்பந்தரின் பதிகங்களில் வழக்கமாக வரும் இடம் இது. முதல் பாட்டில் பலரையும் சேர்த்துக்கொண்ட அதே கூட்டம், இங்கே யாரை வெளியே நிறுத்துவது என்றும் சொல்லிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பதிகம் முழுசாகக் கிடைக்கும்.

வேனில் வருபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பட்டியல்: இந்தக் கோயில், இந்தப் பரிகாரம், அடுத்த கோயில். நேரம் குறைவு என்பது சரியான காரணமாக எனக்குப் படவில்லை. பதினொரு பாட்டும் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் பத்து நிமிடம்கூட ஆகாது. கூட்டத்தில் ஒருவர் படிக்கலாம், மற்றவர்கள் பிராகாரத்தில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்டுவிட்டு, பூ விற்கும் அம்மாவிடம் அந்த ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு வேன் ஏறலாம். டிரைவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிற வேலை.