குலுங்கும் வீட்டின் தச்சுவேலை

ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்தை ஏலத்தில் எடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் கழற்றி வீசிவிட்டு, மாதக்கணக்கில் ஊர் சுற்றுவதற்கான வீடாகத் தங்கள் கையாலேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது. அப்படிக் கட்டிய வண்டியை அங்கே ‘ஸ்கூலி’ என்கிறார்கள். படங்களில் முதலில் கண்ணில் படுவது ஜன்னலோரச் செடித்தொட்டியும் விளக்குச் சரமும்தான். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பார்ப்பவருக்கே உள்ளே இருக்கும் கைவேலை தெரியும். ஊரில் நிற்கும் வீட்டுக்கு ஆயுளில் ஒருமுறைகூட நேராத ஆட்டம் இந்த வீட்டுக்கு மைலுக்கு மைல் நேர்கிறது. எந்த மூட்டு இறுகியிருக்க வேண்டும், எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற தெளிவில்தான் இந்தக் கலையின் முழு அழகும் இருக்கிறது.

பள்ளிப் பேருந்துக்கு எஃகுப் பாடி வந்ததே மூட்டுப் பிரச்சினையால்தான். 1920களில் ஜார்ஜியா மாநிலத்தில் ஃபோர்டு கார் விற்றுக்கொண்டிருந்த ஆல்பர்ட் லூஸ், ஒரு வாடிக்கையாளருக்கு மரப் பாடி கட்டிய பேருந்து ஒன்றை விற்றார். கரடுமுரடான சாலைகளில் ஓடி, பணம் முழுவதும் கட்டி முடியுமுன்பே அந்தப் பாடி கழன்றுபோனது. லூஸ் 1927இல் எஃகுச் சட்டம் வைத்துத் தாமே ஒரு பாடி கட்டினார். பள்ளிப் பேருந்து கட்டும் புளூ பேர்டு நிறுவனத்தின் முதல் பேருந்து அதுதான். மரம் தாங்காத இடத்துக்கு எஃகு வந்தது. இன்று ஸ்கூலி கட்டுபவர் அதே எஃகுக் கூட்டுக்குள் மரத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார். ஆக, லூஸ் சந்தித்த அதே குலுக்கலுக்கு இவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

கரூர்ப் பக்கம் சேசிஸ் மீது பாடி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் எலும்புக்கூட்டை விளக்க வேண்டியதில்லை. தரையிலிருந்து கூரை வளைந்து மறுபக்கம் இறங்கும் வரை ஒரே வளைவாக ஓடும் எஃகுச் சட்டங்கள், அவற்றின் மீது வரிசை வரிசையாக ரிவெட் அடித்த தகடு. 1977 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகள் இந்தப் பாடிக்கு இரண்டு கடுமையான சோதனைகளை வைத்தன. காலி வண்டியின் எடையைப் போல ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரை தாங்க வேண்டும். தகடும் சட்டமும் சேரும் மூட்டு, அவற்றில் வலுக்குறைந்த தகட்டின் இழுவிசைத் திறனில் 60 சதவீதத்தையாவது தாங்க வேண்டும். குழந்தைகளுக்காக எழுதிய விதி. வண்டி பதினைந்து ஆண்டு ஓடி ஓய்வுபெற்றபின் அதன் பலனை அனுபவிப்பவர் ஒரு நாடோடி. சொகுசு மோட்டார் வீடுகளில் பலவற்றில் மரச்சட்டத்தின் மேல் ஃபைபர் தகட்டை ஒட்டியிருப்பார்கள். அவற்றைவிட இந்தப் பழைய மஞ்சள் வண்டியின் உடலை நான் பல மடங்கு மதிக்கிறேன்.

மஞ்சள் நிறம் மட்டும் நிலைக்காது. 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு தேர்ந்தெடுத்த நிறம் அது. விடியற்காலை மங்கலிலும் அதன் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும். தனியார் கைக்கு வந்ததும் நிறத்தை மாற்றி, நிறுத்தப் பலகையையும் மினுக்கு விளக்குகளையும் கழற்றிவிட வேண்டும் என்பது பல மாநிலங்களின் சட்டம்.

வேலை இடிப்பில் தொடங்குகிறது. இருக்கைகள் தரையைத் துளைத்துச் செல்லும் போல்ட்டுகளில் நிற்பவை. அடியில் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். ஒருவர் வண்டிக்கடியில் படுத்து ஸ்பேனரைப் பிடிக்க, இன்னொருவர் மேலே திருக வேண்டும். பெரும்பாலோர் பொறுமையிழந்து கிரைண்டரால் தலையை அறுத்துவிடுகிறார்கள். இருக்கை போனதும் ரப்பர் விரிப்பு, அதன் கீழ் பிளைவுட், அதற்கும் கீழே எஃகுத் தரை. பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் வட மாநிலங்களில் ஓடிய வண்டியா, வறண்ட தென்மேற்கில் ஓடியதா என்பது இங்கே வெளிப்பட்டுவிடும். விவரம் தெரிந்தவர்கள் எஞ்சினைத் திறப்பதற்கு முன்பே வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது இதனால்தான். எஞ்சினைச் சீர்செய்துகொள்ளலாம், இண்டர்நேஷனல் நிறுவனத்தின் டிடி466 போன்ற டீசல் எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே அதன் சிலிண்டர் ஸ்லீவை மாற்ற முடியும். அரித்துப்போன சட்டத்துக்கு அப்படி எளிய வைத்தியம் இல்லை. துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவம் பூசி, போல்ட் துளைகளை ஒவ்வொன்றாக அடைத்து, பெயிண்ட் அடித்து முடிக்கும்வரை வீடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது. இந்தக் கட்டத்தில் அவசரப்படாதவரின் வண்டி பிறகு எல்லா இடத்திலும் அந்த நிதானத்தைக் காட்டும்.

அடுத்த எதிரி ஈரம். மழைநீர் ஜன்னல் வழியே கசிவது ஒருபுறம். ஒவ்வொரு ஜன்னலையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாக ஒட்டினால் அது நிற்கும். உள்ளேயே பிறக்கும் ஈரம்தான் நுட்பமானது. இரண்டு பேர் தூங்கும் ஓர் இரவில் மூச்சிலும் தோலிலும் சுமார் அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. வெளியே உறைபனி என்றால் அது குளிர்ந்த எஃகில் வேர்த்து, சுவருக்குப் பின்னால் வழிந்து, யாரும் பார்க்காத இடத்தில் துருவாக மாறும். தகடுகளுக்கு இடையே மட்டும் ஃபோம் நிரப்பினால் போதாது. வெளித்தகட்டைத் தொட்டு நிற்கும் வளைவுச் சட்டங்கள் குளிரை நேராக உள்ளே கடத்திவிடும். நல்ல கட்டுநர் ஒவ்வொரு சட்டத்தின் மீதும் ஃபோம் பட்டையோ கார்க்கோ ஒட்டி, அதன் மேல் மரச்சட்டம் வைத்து, உட்பலகையை அந்த மரத்தில் திருகுகிறார். ஆணி எஃகைத் தொடுவதில்லை. முடிந்த பிறகு இதைப் பார்க்கவே முடியாது. ஆனாலும் எனக்கு ஒரு ஸ்கூலியில் மிகவும் பிடித்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தச்சுவேலைக்கு வருவோம். ஓடும் வண்டியில் சதுரம் என்பதே கிடையாது. கூரை வளைவு, சுவர் சாய்வு, தரை நிற்கும் இடத்துக்குத் தக்கபடி சரிவு. ரசமட்டத்தை நம்பி அலமாரி வைத்தால், வண்டியை அடுத்த இடத்தில் நிறுத்தியதும் அது கோணலாகிவிடும். வண்டியின் தரையையே ஆதாரமாக வைத்து அளக்க வேண்டும். கூரைக்கு மெல்லிய தேவதாரு அல்லது பைன் பலகைகள் வைப்பார்கள். ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் நுழையும், பசை கிடையாது. வளைவோடு பலகை வளைகிறது, வண்டி முறுக்கும்போது மூட்டு மயிரிழை நகர்ந்து மீள்கிறது, பாலைவன வறட்சியில் மரம் சுருங்கினாலும் வெடிப்பதில்லை. அதே கூரையை ஒரே பிளைவுட்டாக அடித்தவர்களுக்குச் சத்தம் மிஞ்சும். சமையலிடத்துச் சுவரில் ஓடு பதித்துச் சிமெண்ட் பூசுவது என் பார்வையில் இந்தக் கலைக்கே பொருந்தாத ஆசை. எடையும் கூடும், முதல் குழியிலேயே கீறலும் விழும்.

இழுப்பறைகளுக்குப் படகுகளிலிருந்து வந்த அழுத்துபூட்டு. மேல் அலமாரி சுவரில் மட்டும் தொங்காமல், கூரைச் சட்டத்திலும் பிடிமானம் கொண்டிருக்கும். தண்ணீர்க் குழாய் நெகிழும் பெக்ஸ் வகை. மின்கம்பியும் அப்படியே: வீட்டில் போடும் ஒற்றைச் செம்புக் கம்பி அதிர்ந்து அதிர்ந்து களைத்து முறியும், பல நுண்ணிழைகள் சேர்ந்த கம்பிதான் இங்கே தாக்குப்பிடிக்கும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அதனால் சிலிண்டர் அறையின் காற்றுவழி அடியில் இருக்கும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. நானூறு லிட்டர் தொட்டியை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வண்டி வளைவில் நிமிர்ந்து நிற்கும் அல்லது ஒருபக்கம் சாயும். இடது ஓரத்தில் சமையலிடமும் தொட்டியும் வைத்தவர் வலது ஓரத்தில் பேட்டரிகளை வைத்து எடையைச் சமன்செய்வார்.

துணிச்சலானவர்கள் கூரையையே உயர்த்துகிறார்கள். சாதாரண பேருந்தில் உள் உயரம் சுமார் ஆறடி. காப்பும் பலகையும் வந்தபின் உயரமான ஆள் குனிந்துதான் நடக்க வேண்டும். ஆகவே ஜன்னல் மட்டத்தில் அத்தனை சட்டங்களையும் அறுத்து, ஜாக்கி வைத்துக் கூரையை அங்குலம் அங்குலமாக ஓரடி, ஒன்றரையடி தூக்கி, அறுத்த முனைகளுக்கு இடையே புது எஃகுத் துண்டைச் செருகி வெல்டிங் செய்கிறார்கள். பல மாநிலங்களில் சாலை உயர வரம்பு 13 அடி 6 அங்குலம் என்பதால் இடம் இருக்கிறது. ஆனால் அறுத்த கணத்தில் தொழிற்சாலையின் சோதனை கொடுத்த உறுதி போய்விடுகிறது. இனி அந்தக் கூரைக்குப் பொறுப்பு வெல்டிங் செய்த கை மட்டுமே. அந்த மூட்டுகளைச் சீராகச் செய்து, மேலே மறுபடி ரிவெட் வரிசையைக் கோடு பிசகாமல் ஓட்டியிருக்கும் வண்டியைக் கண்டால் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கத் தோன்றும்.

இந்த வழக்கத்துக்கு முன்னோடிகள் உண்டு. எழுத்தாளர் கென் கீஸி 1964இல் நாட்டைக் கடந்த ‘ஃபர்தர்’ வண்டி 1939ஆம் ஆண்டின் பள்ளிப் பேருந்து. 1971இல் ஹிப்பிகளின் வழிகாட்டியான ஸ்டீபன் காஸ்கினோடு கலிஃபோர்னியாவிலிருந்து பேருந்து வரிசையாகக் கிளம்பியவர்கள் டென்னசியில் ‘தி ஃபார்ம்’ குடியிருப்பை அமைத்தார்கள். பலர் முதலில் அந்தப் பேருந்துகளிலேயே குடியிருந்தார்கள். ஆனால் அவர்களின் புகழ் வண்ணத்துக்கும் பயணத்துக்கும் உரியது. தச்சுக்கு உரியது என்று சொல்ல மாட்டேன். தச்சு முதிர்ந்தது பின்னால் வந்த, பேர் தெரியாத கைகளில்.

குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் பாலைவனத்தில் இத்தகைய வண்டிகள் திரளாக வந்து நிற்கும். அங்கே ஒருவர் தம் ஸ்கூலியைக் காட்டினால், சுவரை மூடுமுன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். கவனமான கட்டுநர் பலகை அடிக்குமுன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி படமெடுத்து, கம்பிகளின் இரு முனையிலும் பெயர் ஒட்டி வைத்திருப்பார். எந்த இடத்தில் திருகினால் குழாயில் படாது, எந்தப் பலகையைக் கழற்றினால் பம்பு கைக்கு எட்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். வண்டியை விற்கும்போது சாவியோடு அந்தப் படங்களையும் கொடுத்துவிடுகிறார்கள்.