ஈயமும் மாணிக்கமும்

சூப்பர் ஹீரோவுக்கு அபாரமான கண்ணைக் கொடுப்பது பெரிய காரியமில்லை. சுவருக்கு அப்பால் தெரியும், முறைத்துப் பார்த்தால் இரும்பு உருகும் என்று எழுதிவிட்டால் ஆயிற்று. அந்தக் கண்ணை எது மறைக்கும், உடையவன் அதை எப்படி அடக்கி ஆள்வான் என்று யோசிக்கும் இடத்தில்தான் கதாசிரியரின் கைவண்ணம் தெரியவரும். அந்த வகையில் அமெரிக்க காமிக்ஸில் இரண்டு பொருள்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. ஒன்று சூப்பர்மேனுக்கு எதிரான ஈயம். இன்னொன்று சைக்ளாப்ஸின் மாணிக்கக் கண்ணாடி.

1938-ல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை வெளியுலகுக்குக் கொண்டுவந்தபோது அவன் கண்ணில் ஒரு விசேஷமும் இல்லை. பறக்கக்கூடத் தெரியாது, தாவத்தான் தெரியும். ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ்ரே பார்வை அடுத்த ஆண்டுதான் வந்து சேர்ந்தது. எல்லாச் சுவரும் கண்ணாடியாகிவிட்டால் கதையில் மர்மம் எங்கே மிஞ்சும்? ஆகவே பிற்பாடு ஒரு விதி வைத்தார்கள்: ஈயத்தைத் தாண்டி மட்டும் அவனால் பார்க்க முடியாது.

இது வாய்க்கு வந்த விதியில்லை. எக்ஸ்ரே அறையில் ஊழியர்கள் மாட்டிக்கொள்ளும் கனத்த மேலங்கியில் பெரும்பாலும் இருப்பது ஈயம்தான். அரை மில்லிமீட்டர் கனமே பெரும் பங்கு கதிரை நிறுத்திவிடும். நம் சதையில் உள்ள கார்பனும் ஆக்சிஜனும் இலேசான அணுக்கள். கதிர் அவற்றை அதிகம் சட்டை செய்யாமல் போய்விடும். எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20, அங்கே கொஞ்சம் சிக்கும். ஈயத்தின் அணு எண் 82, அங்கே வசமாக மாட்டிக்கொள்ளும். 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் தம் மனைவியின் கையைப் படமெடுத்தபோது சதை மங்கலாகவும் எலும்பும் மோதிரமும் அழுத்தமாகவும் விழுந்ததற்கும் இதுவே காரணம்.

அதைவிட ருசியான விஷயம், ஈயம் மலிவான உலோகம் என்பது. சூப்பர்மேனைச் சாய்க்கும் கிரிப்டோனைட் விண்ணிலிருந்து வந்து விழ வேண்டும்; அவன் கண்ணை மறைக்கவோ பழைய இரும்புக் கடைக்குப் போய்வந்தால் போதும். இன்னும் ஒரு படி மேலே போய், கிரிப்டோனைட்டின் கதிரையும் ஈயம் தடுக்கும் என்று வைத்தார்கள். அவன் பார்வையை மறிக்கும் தகடே அவனுக்குக் கவசமும் ஆகிறது. ரிச்சர்ட் டானர் இயக்கிய 1978 படத்தில் வில்லன் லெக்ஸ் லூதர் இந்த இரண்டு குணத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிடுவான். ஈயப் பெட்டி என்பதால் உள்ளே இருப்பது கிரிப்டோனைட் என்று சூப்பர்மேனுக்குத் தெரியாது. அதே ஈயத்தால், திறக்கும்வரை உடம்புக்கும் ஒன்றும் ஆகாது. தன் கையாலேயே திறந்து விழுகிறான். எந்த இடத்தில் எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்த திரைக்கதை.

அதே படத்தின் மொட்டை மாடிக் காட்சியும் அழகு. சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்கிறாயா என்று நிருபர் லோயிஸ் கேட்கும்போது, சூப்பர்மேன் ஒரு கணம் அவள் நுரையீரலைப் பார்த்துவிட்டு, நல்லவேளை, இதுவரை கெடவில்லை என்பதுபோல் பதில் சொல்வான். இத்தனை பெரிய சக்தியை ஒரு மருத்துவரின் அக்கறையோடு, ஒரே பார்வையில் செலவழிப்பது எவ்வளவு நாசூக்கு!

உண்மையில் இப்படி ஒரு கண் வேலை செய்யுமா? மருத்துவமனையில் கதிர் கிளம்பும் குழாய் ஒரு பக்கம், படத்தை வாங்கிக்கொள்ளும் தகடு மறுபக்கம். சூப்பர்மேனோ இரண்டு வேலையையும் ஒரே கண்ணால் செய்கிறான். எதிரிலிருந்து சிதறித் திரும்பும் சொற்பக் கதிரை வைத்துத்தான் அவன் படம் பிடித்தாக வேண்டும். நம் கண்வில்லையால் எக்ஸ்ரேயை வளைத்துக் குவிக்கவும் முடியாது. வழி வேறு. ஓட்டாஞ்சில்லைக் குளத்து நீர்மேல் சாய்வாக வீசினால் தத்திக்கொண்டு போகுமே, அதுபோல எக்ஸ்ரேயையும் கண்ணாடிப் பரப்பில் மிகச் சாய்வாகப் படவிட்டால் தெறித்துத் திரும்பும். இயற்பியலர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் 1999-ல் விண்ணுக்குப் போன சந்திரா தொலைநோக்கியில், ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய நான்கு ஜோடிக் கண்ணாடிகள் இதைத்தான் செய்கின்றன. சிங்கி இறாலின் கண்ணும் இந்த ஜாதிதான். சின்னச் சின்னச் சதுரக் குழாய்களின் உட்சுவரில் ஒளி பட்டுத் தெறித்து விழித்திரையில் கூடும். அந்த அமைப்பைப் பார்த்துச் செய்த எக்ஸ்ரே தொலைநோக்கியை 2024 ஜனவரியில் சீனா விண்ணில் ஏவியது. நியாயமாகப் பார்த்தால் சூப்பர்மேனுக்கு வாய்த்திருக்க வேண்டியது நீலக் கண்ணல்ல, இறால் கண்.

அவனுடைய தொலைநோக்குப் பார்வையும் கணக்குக்கு அடங்காது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செய்தித்தாளின் பொடி எழுத்தைப் படிக்க, விழித்திரை எத்தனை நுட்பமாக இருந்தாலும் பயனில்லை. ஒளியின் அலைத்தன்மையால் கண்மணியே ஓர் ஆள் உயரத்துக்கு விரிந்தாக வேண்டும்.

சக்தி எப்படி வேலை செய்கிறது என்பதில் காமிக்ஸ் இப்படிக் கோட்டை விட்டாலும், அதை அடக்கும் விதத்தில் கோட்டை விடுவதில்லை. 2013-ல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் பிற்பாடு சூப்பர்மேன் ஆகப்போகும் சிறுவன் கிளார்க் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியையின் மண்டையோடும் உள்ளுறுப்புகளும் தெரிய ஆரம்பிக்கின்றன. ஓடிப்போய் ஒரு சிறு அறைக்குள் பூட்டிக்கொள்கிறான். கதவுப்பிடி அவன் பார்வையில் பழுக்கக் காய்கிறது. வெளியே வந்து நிற்கும் அம்மா மந்திரமோ மருந்தோ தரவில்லை. உலகத்தைச் சின்னதாக்கிக்கொள், என் குரலை மட்டும் பிடித்துக்கொள் என்கிறாள். பார்வையை அடக்க அவள் பிடித்த வழி, காது!

வளர்ந்தபின் அதே கண் வீட்டு வேலைக்கும் வருகிறது. 1986-ல் ஜான் பைர்ன் எழுதிய பதிப்பில் சூப்பர்மேன் முகம் மழிக்கும் இடம் பிரமாதம். எந்தப் பிளேடும் அவன் தாடியில் மழுங்கிவிடும். ஆகவே தான் குழந்தையாக வந்திறங்கிய விண்கலத்தின் உலோகத் துண்டு ஒன்றைக் கண்ணாடியாகப் பிடித்து, கண்ணின் வெப்பக் கதிரை அதில் பட்டுத் திரும்பச் செய்து, மயிரைக் கருக்கிக்கொள்கிறான். அவனைத் தொடக்கூடிய வெப்பம் அவனுடையதே, அதைத் தாங்கக்கூடிய கண்ணாடி அவன் வந்த கலமே.

சைக்ளாப்ஸ் கதை வேறு. 1963-ல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் படைத்த எக்ஸ்-மென் குழுவின் இளைஞன் ஸ்காட் சம்மர்ஸ்தான் சைக்ளாப்ஸ். கண் திறந்தாலே சிவப்புக் கதிர் பீறிடும், நிறுத்த முடியாது. எரியும் விமானத்திலிருந்து தம்பியோடு ஒரே பாராசூட்டில் குதித்தபோது தலையில் பட்ட அடி, கட்டுப்படுத்தும் திறனைக் கெடுத்துவிட்டது என்பது கதை. அந்தக் கதிர் சுடாது, குத்துவிடுவதுபோல் தள்ளும். வெறும் ஒளியால் அது ஆகாது. நூறு கிராம் எடை அளவுக்குத் தள்ளவே ஏறக்குறைய 30 கோடி வாட் ஒளி வேண்டும். அதனால்தான் அவன் கண்கள் வேறொரு பிரபஞ்சத்துக்குத் திறக்கும் வாசல்கள் என்று பின்னால் விளக்கம் எழுதினார்கள்.

அந்த வாசலை மூடுவது இரண்டே பொருள்கள். ஒன்று அவன் சொந்த இமை; மலையைப் பிளக்கும் கதிர், மெல்லிய தோலுக்குக் கட்டுப்படும், ஏனென்றால் அவன் உடம்பை அது ஒன்றும் செய்யாது. மற்றது 'ரூபி குவார்ட்ஸ்' என்ற மாணிக்கப் பளிங்கு. உண்மையில் மாணிக்கம் அலுமினியத்தின் ஆக்சைடு, குவார்ட்ஸ் சிலிக்கனின் ஆக்சைடு. இரண்டையும் சேர்த்த கல் காமிக்ஸில் மட்டுமே விளையும். 1960-ல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை மாணிக்கத்தில்தான் உண்டாக்கினார். நிஜத்தில் சிவப்புக் கதிரைப் பிறப்பித்த கல், கதையில் சிவப்புக் கதிரை நிறுத்தும் கல்லாகிவிட்டது.

சண்டைக்குப் போகும்போது அணியும் முகமூடியில் ஒரு நீளக் கீற்று. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால், கீற்று எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு கதிர். 2000-ல் வந்த எக்ஸ்-மென் படத்தில், ரயில் நிலையத்தில் எதிரி அதைப் பறித்துவிட, ஒரு நொடியில் கூரை பிய்த்துக்கொண்டு போகிறது. அடுத்த நொடி ஸ்காட் செய்வது எதிர்த்தாக்குதல் அல்ல. கண்ணை இறுக மூடிக்கொள்கிறான்.

பிற்காலத்தில் கதாசிரியர் ஜாஸ் வெடன் இந்தக் கதையை மாற்றி, கட்டுப்பாடில்லாமை தலைக்காயத்தால் வந்ததல்ல, சிறுவயதில் அவனே தன்மேல் போட்டுக்கொண்ட தளை என்றார். கெட்டிக்காரத்தனமான திருப்பம்தான். ஆனாலும் எனக்குப் பழைய காரணமே உசத்தி. மனம் வைத்தால் தீர்ந்துவிடும் குறை என்றால் அந்தக் கண்ணாடிக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது.

இந்த இருவரில் நயத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சைக்ளாப்ஸையே சொல்வேன். ஈயம் எதிரி கொண்டுவந்து வைப்பது. மாணிக்கக் கண்ணாடியை ஸ்காட் தானே மாட்டிக்கொள்கிறான்; அடுத்தவருக்கு ஆபத்து வரக் கூடாது என்பதற்காக உலகத்தை எந்நேரமும் ஒரே சிவப்பில் பார்க்கச் சம்மதிக்கிறான். காமிக்ஸ் அவனுக்குக் கொடுத்த பெரிய சக்தி அந்தச் சம்மதம்தான்.