கையேட்டில் இல்லாத இன்னொரு கை

லேஸ் பின்ன ஆசிரியர் வேண்டாம், பழைய கையேடு போதும் என்று நானும் நம்பினேன். 1886இல் வெளிவந்த தெரஸ் த தில்மோனின் தையற்கலைக் களஞ்சியத்தை விரித்து வைத்து, காஞ்சிபுரத்தில் என் வீட்டுத் திண்ணையில் திண்டும் குண்டூசியும் பாபின்களுமாக உட்கார்ந்தேன். நான்கு இழை, இரண்டு ஜோடி. நடு இழைகளில் இடதை வலதின் மேல் போட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் முறுக்க வேண்டும். அடிப்படை அசைவு இந்த இரண்டுதான். ஆனால் இழையை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது? அங்கே பிரதி மௌனமாகிவிடுகிறது.

இம்மௌனம் தற்செயலானதல்ல. டி.எம்.சி. நூலைத் திரும்பத் திரும்பப் பரிந்துரைக்கும் இப்பிரதி, கற்பித்துக்கொண்டே விற்கிறது. அது விளிப்பது ஓய்வும் காசும் உள்ள வீட்டுப் பெண்ணை. கூலிக்குப் பின்னுகிறவள் பிரதிக்கு வெளியே நிற்கிறாள்.

அவளை நாகர்கோவிலில் பார்க்கலாம். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் அங்கே ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். அந்தக் கூலியில் சிலர் அடிமைத்தனத்திலிருந்து தம்மை மீட்டுக்கொண்டதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. அதே திருவிதாங்கூரில் 1829இன் அரசாணை, மதம் மாறிய நாடார் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து மேலாடையை மறுத்தது. 1859இல்தான் அது ஓரளவு தளர்ந்தது. பிறர் உடைக்கு விளிம்பு பின்னிய ஊரில், பெண்ணின் மார்புக்கு எந்தத் துணி என்பதை அரசு தீர்மானித்தது. எந்தக் கையேட்டின் படத்திலும் இந்த உடல் இல்லை.

அதற்காகக் 'கைவழிக் கல்வி'யைப் புனிதப்படுத்தவும் என்னால் முடியாது. எங்க ஊர்க் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அது பெரும்பாலும் சின்னப் பிள்ளையின் கையாகவே இருந்தது. சின்ன வயசுல அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் நான். "டேய், கரை நழுவுதுடா!" என்ற அதட்டலில்தான் இழுவை எனக்குப் படிந்தது. காஞ்சிப் பட்டில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையே வெளியிட்டது.

கையேடு அதட்டுவதில்லை, சாதி கேட்பதில்லை. அந்த ஜனநாயகத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உத்தியை உழைப்பிலிருந்து கத்தரித்த பிறகே அது அவ்வளவு எளிதாக நம்மிடம் வந்து சேர்கிறது. அறுந்த அந்த இடத்தைத் தேடுவதும் வாசிப்புதான்.

திண்டில் என் இழுவை இப்போது சரியாக விழுகிறது. அதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. தறியோரத்துப் பையன் சொல்லித் தந்தான். அவனுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது.