எதிர்கொள்ளுதலா, எடுத்துச்செல்லப்படுதலா? இறுதிக்கால நம்பிக்கை குறித்து ஒரு மதிப்பீடு

ஜெராம் வட்டாரத் தோட்டப்புறச் செபக்கூட்டங்களில் 'இரகசிய வருகை' அடிக்கடி பேசப்படும் பொருளாகும். உபத்திரவ காலத்திற்கு முன்பே விசுவாசிகள் மறைவாக எடுத்துக்கொள்ளப்படுவர் என்பது அதன் சாரம். 1830-களில் ஜான் நெல்சன் டார்பி வகுத்த இக்கோட்பாடு, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமத்தின்வழிப் பரவியது.

இதற்குச் சான்றாகக் காட்டப்பெறுவது 1 தெசலோனிக்கேயர் 4:17. அங்குள்ள 'அபாந்தேசிஸ்' எனும் கிரேக்கச் சொல்லைத் தமிழ் வேதாகமம் 'எதிர்கொண்டுபோக' எனப் பெயர்த்துள்ளது. மணவாளனை வரவேற்போருக்கும் (மத்தேயு 25:6), பவுலை வரவேற்ற உரோமைச் சகோதரருக்கும் (அப்போஸ்தலர் 28:15) அதே கிரேக்கச் சொல்லே ஆளப்படுகிறது. இவ்விரு இடங்களிலும் எதிர்கொண்டோர் வருபவரோடு உள்ளே வருகின்றனர். மாப்பிள்ளையைத் தோட்ட முகப்பிலிருந்து மேளதாளத்துடன் அழைத்துவரும் நமக்கு இப்பொருள் புதிதன்று. சந்திப்பிற்குப் பின் செல்லும் திசையை 4:17 வெளிப்படையாகக் கூறவில்லை என்பது உண்மையே. ஆயினும், எக்காளம் முழங்குமெனக் கூறும் 4:16, 'இரகசியம்' என்பதற்கு இடமளிக்கவில்லை.

நாள் குறித்தலும் அவ்வாறே. வில்லியம் மில்லர் 1844-ஐயும், திருவிதாங்கூரின் யுஸ்தூஸ் யோசேப்பு 1881-ஐயும், ஹெரால்டு கேம்பிங் 2011-ஐயும் குறித்தனர், மூன்றும் பொய்த்தன. அந்நாளைத் தந்தையன்றி எவரும் அறியார் என்பதே மாற்கு 13:32-இன் கருத்து.

வருகையைக் காரணங்காட்டி உழைப்பைக் கைவிடலாகாது. சோம்பித் திரிந்தோரை அமைதியாக வேலைசெய்து உண்ணுமாறு பவுல் பணித்தார் (2 தெசலோனிக்கேயர் 3:10-12). செம்பனைக் காட்டில் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரிடம் நாளை என்பது இல்லையெனப் போதிப்பது, நம்பிக்கையன்று; அச்சமே.